‘வாங்கு’ என்று போட்டு விற்ற படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்காக ஒரு ஆப்பில் பழைய படங்கள் 11 வாங்கினாராம், வாடகைக்கு இல்லை, ‘வாங்கு’ பட்டனை அமுக்கியே. போன மாதம் அதில் 4 படங்களைக் காணோம். கேட்டதற்கு ‘உரிமம் முடிந்துவிட்டது’ என்று ஒரு வரி பதில், கூடவே 50 ரூபாய் கூப்பன். கேஸ் போட முடியுமா என்கிறார்.

தாராளமாகப் போடலாம். முதலில் அந்தக் கூப்பனைத் தொடாதீர்கள். தொட்டால், ‘அன்றைக்கே சமாதானமாகிவிட்டாரே’ என்பார்கள்.

அவர்கள் காட்டப்போவது நீங்கள் படிக்காமல் ‘சம்மதம்’ கொடுத்த நிபந்தனைகளை. விற்றது படத்தை அல்ல, பார்க்கும் உரிமத்தைத்தான் என்று அதில் ஒரு மூலையில் இருக்கும். பதிப்புரிமைச் சட்டப்படி அது வலுவான வாதம்தான், உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் ஒரே படத்துக்கு ‘வாடகை’ என்று ஒரு விலையும் பக்கத்திலேயே ‘வாங்கு’ என்று அதைவிடக் கூடுதல் விலையும் போட்டார்களே, அந்தக் கூடுதல் காசு எதற்கு? இதுதான் நம் கேள்வி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு என்று இரண்டையும் சொல்லிக் கேட்கலாம். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று விற்கக் கூடாது. இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையா, வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, படம் காணாமல் போனதிலிருந்து 2 வருடம் அவகாசம். பணத்தோடு மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அந்த நிபந்தனையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்டுவிடாதீர்கள், வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும்.

மீதிப் படங்களின் பூட்டை உடைத்துக் காப்பி எடுத்துவிடலாம் என்று உங்கள் மகன் சொல்கிறாராமே, வேண்டாம். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவில் 2 வருடம் வரை சிறை. வீட்டில் பார்க்கத்தான் என்று நாம் வாதாடலாம், ஆனால் கேஸ் போடுகிற நேரத்தில் அவர்கள் கையில் நாமே ஒரு பிடியைக் கொடுப்பானேன்?

அப்புறம், ரசீது மெயிலும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் எங்கேயும் போகாது. அந்த ‘வாங்கு’ பட்டன், விலையும் தேதியும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட், அவர்கள் சொல்லை மாற்றுவதற்குள் இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள்.