பேரனுக்கு 13 வயது: வாசகர் கேள்விகள்

போன இதழில், என் தங்கை பேரனின் பார் மிட்ஸ்வாவுக்காக நியூ ஜெர்சி போய் வந்ததைப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். 13 வயது நிரம்பிய யூதப் பையனை, 'இனி மதக் கடமைகளுக்கு நீயே பொறுப்பு' என்று சபை ஏற்றுக்கொள்ளும் விழா அது. வழக்கமான மாமியார் வழக்குகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அதைப் பற்றியே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. நம் ஊரில் யூத சம்பந்தி உள்ள வீடுகள் இத்தனை இருப்பது எனக்கே செய்தி. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: எங்கள் மகள் மணந்திருப்பது நியூ ஜெர்சியில் ஒரு யூதரை. அடுத்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை பேரனுக்குப் பார் மிட்ஸ்வா. புதன்கிழமையே வந்து ஞாயிறு வரை இருக்கச் சொல்கிறார் மாப்பிள்ளை, எல்லாச் சொந்தமும் கூடுமாம். ஒரு காலை நேர விழாவுக்கு இவ்வளவு எதற்கு? பாஷை தெரியாத நாங்கள் அங்கே என்ன செய்வது?
சேலம் வாசகி

மாப்பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். ஏப்ரலில் அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடும். வெள்ளி இரவு போய் இறங்கினால், மறுநாள் பேரன் படிக்கும்போது முதல் வரிசையில் தூங்கி வழிவீர்கள். அதோடு, பல ஜெப ஆலயங்களில் சனிக்கிழமை படம் எடுக்க விடமாட்டார்கள். குடும்பப் படத்தை வியாழக்கிழமை ஒத்திகையன்றே எடுத்து முடித்துவிடுவது அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமை போனால் அந்தப் படத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

தவிர, அது ஒரு காலையோடு முடிகிற சமாசாரமும் இல்லை. அவர்களின் ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறையும்போதே தொடங்குகிறது. அன்றிரவு வெளியூர்ச் சொந்தங்களுக்கு விருந்து: மெழுகுவர்த்தி ஏற்றி, திராட்சை ரசக் கோப்பையைக் கையில் வைத்து மந்திரம் சொல்லி, பின்னல் போட்ட ஹல்லா ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பார்கள். சனி காலை வழிபாடு, மதியம் சாப்பாடு, இருட்டிய பிறகு ஆட்டம் பாட்டம். பையனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆடுகிற ஹோராவைப் பார்த்துவிட்டு நீங்கள் தாராளமாக அறைக்குப் போய்ப் படுக்கலாம். அந்த டி.ஜே. சத்தத்தில் சம்பந்தி அம்மாளிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் ஞாயிறு காலைச் சிற்றுண்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். உறவு என்பது அங்கேதான் நடக்கிறது. நான் போன விழாவில், ஃப்ளோரிடா, டொராண்டோ, ஹைஃபா என்று திசைக்கொருவராக வந்திருந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள், பேகல் ரொட்டித் தட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பழைய புகைப்படங்களை மேஜையில் பரப்பி, இது யார், அது யார் பிள்ளை என்று சண்டையே போட்டார்கள். என் தங்கையும் விடவில்லை. தன் செல்போனிலிருந்து எங்கள் தாத்தா படத்தை எடுத்து நடுவில் நீட்டிவிட்டாள்!

இனி சனிக்கிழமை காலை. பேரன் படிக்கப்போவது அச்சுப் புத்தகத்தை அல்ல. தோல் சுருளில் கையால் எழுதிய அவர்களின் வேதமான தோரா அது. அதில் மெய்யெழுத்து மட்டும்தான் இருக்கும். உயிர்க்குறி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, ராகம் காட்டும் குறியும் கிடையாது. எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து ராகத்தோடு ஓத வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி. சுருளை விரலால் தொடக் கூடாது என்பதால் யாத் என்ற வெள்ளிக் கோலை வைத்திருப்பான். அதன் நுனியில் ஆட்காட்டி விரலை நீட்டியபடி ஒரு குட்டிக் கை. அந்த விரல் வரி வரியாக வலமிருந்து இடமாக நகரும். பக்கத்தில் அச்சுப் பிரதியோடு நிற்கும் பெரியவர்கள், ஒரு சொல் பிசகினாலும் அங்கேயே உரக்கத் திருத்துவார்கள். பையன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவான். யாரும் முகம் சுளிப்பதில்லை, அம்மாக்களைத் தவிர.

எந்தப் பகுதியைப் படிப்பது என்பதை அந்த வாரமே முடிவு செய்துவிடுகிறது. தோராவை வாரவாரத்துக்குப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் பையனுக்கு வாய்த்தது லேவியராகமத்தில் வரும் மெட்ஸோரா: தோல் நோய், வீட்டுச் சுவரில் பரவும் பூசணம், மதகுருவின் பரிசோதனை. பையன்கள் பயப்படுகிற பகுதி அது. அவன் அதையே பிடித்துக்கொண்டு பேசினான். ஒதுக்கி வைக்கப்பட்டவரைப் பார்க்கக் குருவே முகாமைவிட்டு வெளியே போகிறாரே, கவனித்தீர்களா என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. உங்கள் பேரனுடைய பகுதி எது என்று மகளிடம் கேட்டு, தமிழ் பைபிளில் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். தோரா என்பது பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்கள்தான். பாஷை தெரியாத குறை பாதி தீர்ந்துவிடும்.

மற்றபடி எல்லோரும் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். சில சபைகளில் சுருளைத் தாத்தா பாட்டி கையிலிருந்து பெற்றோர் வழியாகப் பேரனிடம் கொடுப்பார்கள். யூதரல்லாத தாத்தா பாட்டிக்கு அதில் என்ன இடம் என்பது சபைக்குச் சபை மாறும், மகளிடம் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் மெத்தென்ற ஜெல்லி மிட்டாய்களை அவன்மேல் வீசுவார்கள், உங்கள் கையிலும் தருவார்கள். மெதுவாக வீசுங்கள். குழந்தைகள் பெஞ்சுக்கடியில் புகுந்து பொறுக்கும் கலாட்டா தனி.

கேள்வி: பிள்ளையின் அம்மா நம் பெண். யூதர் அல்ல. பிறகு எப்படி இந்தச் சடங்கு செய்வார்கள்?
மதுரை வாசகர்

நியாயமான சந்தேகம். மரபுப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவரே யூதர். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் பிரிவுகள் இன்றும் அப்படித்தான். அங்கே பையன் முறைப்படி மதம் மாறியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ரிஃபார்ம் பிரிவு 1983இல் வழி திறந்தது: பெற்றோரில் யாராவது ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் யூதனாக வளர்ந்தால் போதும். எங்கள் வீட்டுப் பையனும் இந்த வழியில் வந்தவன்தான். விருந்து மேஜையில் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவர்கள் குடும்பத்துக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி இருக்கும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?
கும்பகோணம் வாசகி

இல்லை. கோஷர் என்ற அவர்களின் உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேராது. 'டெய்ரி' சாப்பாடு என்றால் இறைச்சியே இருக்காது. ஆனால் மீன் இருக்கும், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. 'பாரெவ்' என்று எழுதியிருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை, முட்டையும் மீனும் இருக்கலாம். ஹல்லாவில் முட்டை, நூடுல்ஸில் செய்யும் கூகெலிலும் முட்டை. முட்டையும் ஆகாது என்றால் ஹம்முஸ், சாலட், பழம். புளியோதரையை ஹோட்டல் அறையில் வைத்துச் சாப்பிடுங்கள். ஜெப ஆலயத்துக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: மொய் எவ்வளவு? 101 டாலர் சரியா?
திருப்பூர் வாசகர்

நமக்கு ஒன்று கூட்டினால் மங்கலம், அவர்களுக்கு 18. 'உயிர்' என்ற எபிரேயச் சொல்லின் இரண்டு எழுத்துகளுக்கும் 8, 10 என்று மதிப்பு. ஆகவே 36, 54, 180 என்று 18இன் மடங்கில் வையுங்கள். ஓய்வுநாளில் பணத்தைத் தொடாத குடும்பங்கள் உண்டு. சனிக்கிழமை நீட்டாமல் ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள்.

கேள்வி: பட்டுப்புடவை கட்டலாமா? செருப்பை எங்கே விடுவது?
காரைக்குடி வாசகி

புடவை பேஷாகக் கட்டலாம். கை வைத்த ரவிக்கையாக இருக்கட்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்கள் தலையை மூட வேண்டும். வாசலில் கூடை நிறையக் கிப்பா தொப்பி இருக்கும், உள்பக்கம் பையன் பெயரும் தேதியும் அச்சிட்டு. அதை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். ஓரத்தில் முடிச்சுக் கயிறு தொங்கும் வழிபாட்டுச் சால்வையை மட்டும் யூதரல்லாதவர்கள் போட்டுக்கொள்வதில்லை.

கேள்வி: எனக்குப் பேத்திதான், வயது பத்து. பெண்களுக்கும் உண்டா?
நாகர்கோவில் வாசகி

உண்டு, பாட் மிட்ஸ்வா. மரபில் 12 வயது, ரிஃபார்ம் சபைகளில் பெரும்பாலும் 13. அமெரிக்காவில் இதைத் தொடங்கி வைத்தவர் ரபி (யூத மதகுரு) மோர்டெகாய் கப்லான். 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் தன் மகள் ஜூடித்தைச் சபை முன் நிறுத்தினார். அவருக்குச் சுருளைக் கொடுக்கவில்லை, அச்சுப் புத்தகத்திலிருந்துதான் படித்தார். இப்போது ரிஃபார்ம் சபைகளில் பெண் பிள்ளைகளும் சுருளிலிருந்தே ஓதுகிறார்கள். விழாத் தேதியைச் சபையினர் இரண்டு மூன்று வருஷம் முன்பே ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் மகளுக்கு இந்நேரம் தேதி வந்திருக்கும், போன் போட்டுக் கேளுங்கள். அப்புறம் சுற்றுலா விசாவுக்கு உடனே விண்ணப்பியுங்கள். சென்னையில் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதுதான் தாமதமாகும்.