ரெண்டு கம்ப்யூட்டர், ஒரே ரெஃபரன்ஸ் லைப்ரரி: கேள்வி பதில்

லேப்டாப்ல ஒண்ணு, ஆபீஸ் டெஸ்க்டாப்ல ஒண்ணுன்னு பேப்பர் சேர்த்து வெச்சுட்டு எது எங்க இருக்குன்னு தேடறவங்க கேள்விகளை போடுங்க, தெரிஞ்சதை சொல்றேன். நான் தினமும் வேலை பாக்கறது ஜோட்டெரோலதான் (ஆராய்ச்சி பேப்பரையும் அதோட விவரத்தையும் சேத்து வெக்கற புரோகிராம்), அதனால பதில்களும் பெரும்பாலும் அதைச் சுத்தியேதான் இருக்கும்.

கேள்வி: அக்கா, ஜோட்டெரோ ஃபோல்டரை அப்படியே டிராப்பாக்ஸ்ல தூக்கி போட்டுட்டேன், ரெண்டு கம்ப்யூட்டர்லயும் நல்லாதான் ஓடுது. எதுக்கு எல்லாரும் கூடாது கூடாதுங்கறாங்க?

இது வரைக்கும் ஓடுதுன்னா இன்னும் மாட்டலன்னு அர்த்தம், அவ்ளோதான். அந்த ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பாருங்க. உள்ள ஸ்டோரேஜ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள எட்டெழுத்துல அர்த்தமே இல்லாத பேரோட குட்டி குட்டி ஃபோல்டர், ஒவ்வொண்ணுலயும் ஒரு பிடிஎஃப். அதுக்கு வெளியில ஜோட்டெரோ டாட் எஸ்க்யூலைட்னு ஒரே ஒரு ஃபைல். உங்க தலைப்பு, ஆசிரியர் பேரு, நோட்ஸ், டேக், கலெக்‌ஷன், ஹைலைட் எல்லாமே அந்த ஒத்தை ஃபைலுக்குள்ளதான் இருக்கு. ஜோட்டெரோ திறந்திருக்கற நேரம் பூரா அதுல எழுதிட்டே இருக்கும், எழுதும்போது பக்கத்துல ஜர்னல்னு ஒரு தற்காலிக ஃபைலும் வந்து வந்து போகும். டிராப்பாக்ஸுக்கோ ஒன்டிரைவுக்கோ இது எதுவும் தெரியாது, ஃபைல் மாறிடுச்சுன்னு பாத்ததும் தூக்கிட்டு போயிடும். கணக்குப்பிள்ளை எழுதிட்டு இருக்கும்போதே நோட்டை பிடுங்கி ஜெராக்ஸ் எடுத்தா பாதி வரிதானே வரும், அதே கதை. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஒரே நேரம் திறந்துட்டீங்கன்னா இன்னும் மோசம், கான்ஃப்ளிக்டட் காப்பின்னு இன்னொரு ஃபைல் முளைக்கும், ஆனா ஜோட்டெரோ அதை திரும்பியும் பாக்காது, அதுல இருந்த வேலை கண்ணுல படாமலே போயிடும். இந்த ஒத்தை ஃபைலைத்தான் டேட்டாபேஸ்ங்கறாங்க, அது இப்படி கெட்டுப்போகும்னு ஜோட்டெரோவோட சொந்த உதவிப் பக்கத்துலயே எச்சரிக்கை போட்டிருக்காங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் தெரியாமலே இதுல மாட்டறாங்க. விண்டோஸ்ல ஒன்டிரைவ் டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரை தானா மேல ஏத்திட்டு இருக்கலாம், மேக்ல ஐகிளவுடும் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் ரெண்டையும் எடுத்துக்கலாம். ஜோட்டெரோ தன் ஃபோல்டரை இதுக்கெல்லாம் வெளியில, உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள நேரா வெக்குது. ஒழுங்கா இருக்கட்டுமேன்னு நீங்களா டாகுமெண்ட்ஸ்க்கு நகர்த்தினா அங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

கேள்வி: சரி மேடம், ஜோட்டெரோவோட சொந்த சிங்க்கே போட்டேன், 300 எம்பி நிரம்பிடுச்சுங்குது. இப்ப என்ன பண்றது?

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், சிங்க்னா எல்லா கம்ப்யூட்டர்லயும் லைப்ரரியை ஒரே மாதிரி ஆக்கறது, அது இங்க ரெண்டு தனித்தனி வேலை. விவரங்கள், நோட்ஸ், டேக் எல்லாம் போற வழி ஒண்ணு, அதுக்கு அளவே கிடையாது, இலவசம். பிடிஎஃப் மாதிரி ஃபைல் போற வழி இன்னொண்ணு, அதுக்குத்தான் இந்த 300 எம்பி. நிரம்பினா ஃபைல் வழி மட்டும்தான் நிக்கும், விவரம் போயிட்டும் வந்துட்டும்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கீழ பாதி கேள்விக்கு இதேதான் பதிலா வரப்போகுது, பாருங்க.

வழின்னு பாத்தா மூணு இருக்கு. காசு கட்டி இடம் வாங்கறது ஒண்ணு, தலைவலி கம்மி, ஜோட்டெரோவை உருவாக்கறவங்களுக்கும் அந்த பணம் போகும், முடிஞ்சவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரெண்டாவது வெப்டாவ், அதாவது வேற ஒரு சர்வர்ல ஃபைலை வெச்சு எடுக்கற ஒரு பொது முறை. நெக்ஸ்ட்கிளவுட், கூஃபர் மாதிரி வெப்டாவ் தர்ற இடத்துல கணக்கு இருந்தா செட்டிங்ஸ்ல சிங்க் பக்கம் போய் மை லைப்ரரி ஃபைல்களுக்கு ஜோட்டெரோவுக்கு பதிலா வெப்டாவ்னு மாத்தி முகவரி, பாஸ்வேர்ட் குடுத்து வெரிஃபை சர்வர் அழுத்துங்க, எல்லா கம்ப்யூட்டர்லயும் இதையே செய்யணும், ஒண்ணுல விட்டாலும் அங்க பிடிஎஃப் வராது. சர்வர்ல போய் பாத்தா பிடிஎஃப் பேரே இருக்காது, அதே எட்டெழுத்து பேர்ல ஜிப் ஃபைலும் கூடவே டாட் ப்ராப்னு ஒரு குட்டி ஃபைலும்தான் இருக்கும், ஏதோ குப்பைன்னு அழிச்சிடாதீங்க. வெப்டாவ்ல வெச்ச பிடிஎஃபை ஜோட்டெரோ வெப்சைட்ல திறக்க முடியாது, க்ரூப் லைப்ரரிக்கும் வெப்டாவ் கிடையாது.

மூணாவது வழி லிங்க்டு ஃபைல், பிடிஎஃபை ஜோட்டெரோ ஃபோல்டருக்குள்ள வெக்காம அது எங்க இருக்குங்கற பாதையை மட்டும் குடுக்கறது. அடுத்த கேள்வியே அதுதான்.

கேள்வி: பிடிஎஃப் எல்லாம் கூகுள் டிரைவ்ல வெச்சு ஜோட்டெரோல லிங்க் மட்டும் குடுத்திருக்கேன். விண்டோஸ்ல திறக்குது, மேக்ல ஃபைல் காணோம்னு வருது. என்ன தப்பு?

முழு பாதையை சேமிச்சு வெச்சிருக்கு, விண்டோஸ் பாதை மேக்ல எங்க இருக்கும்? செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு, அங்க ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்ல லிங்க்டு அட்டாச்மெண்ட் பேஸ் டைரக்டரின்னு ஒண்ணு இருக்கும், ரெண்டு மெஷின்லயும் அந்தந்த மெஷின்ல இருக்கற பிடிஎஃப் ஃபோல்டரை அங்க காட்டுங்க. முதல்ல லிங்க் குடுத்த விண்டோஸ்ல செய்யுங்க, பழைய லிங்க்கை எல்லாம் மாத்தவான்னு கேக்கும், சரின்னுடுங்க. அதுக்கப்புறம் அந்த ஃபோல்டருக்கு கீழ இருக்கற பகுதி மட்டும்தான் பதிவாகும், மேல இருக்கறது எப்படி வேணா வேறுபடலாம்.

டேட்டாபேஸை டிரைவ்ல வெக்கக் கூடாதுன்னுட்டு பிடிஎஃபை மட்டும் வெக்கலாமான்னா, வெக்கலாம், பிடிஎஃப் சும்மா கிடக்கற ஃபைல், யாரும் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதறதில்லை. ஆனா டிரைவ்ல ஆன்லைன் ஒன்லின்னு இருந்தா ஃபைல் பேருக்கு மட்டும் இருக்கும், நெட் இல்லாத இடத்துல திறக்காது, அந்த ஃபோல்டரை எப்பவும் இந்த மெஷின்ல வெய்னு மாத்திடுங்க. லிங்க்டு ஃபைல் மொபைல் ஆப்லயும் வெப்சைட்லயும் திறக்காது, க்ரூப்லயும் ஆகாது. பிடிஎஃபை வேற ஃபோல்டருக்கு நகர்த்தி லிங்க் போட இதுக்கு முன்னாடி எல்லாரும் போட்டுட்டு இருந்த ஜோட்ஃபைல் ப்ளக்இன் ஜோட்டெரோ 7ல ஓடறதில்லை, இப்ப ஜோட்மூவ், அட்டாங்கர் ரெண்டுல ஒண்ணை போட்டுக்கறாங்க.

எனக்கு கேட்டா, மொபைல்லயும் படிப்பேங்கறவங்க இந்த வழிக்கே வரவேண்டாம்.

கேள்வி: புது லேப்டாப்ல பேப்பர் லிஸ்ட் மொத்தமும் வந்துடுச்சு, ஆனா எந்த பிடிஎஃபும் திறக்கல சகோ.

விவர வழி ஓடுது, ஃபைல் வழி ஓடல. ப்ரவுசர்ல ஜோட்டெரோ வெப்சைட்டுக்கு போய் அதே பேப்பரோட பிடிஎஃபை திறந்து பாருங்க. அங்கயும் இல்லைன்னா பழைய கம்ப்யூட்டர் மேலயே ஏத்தல, புது லேப்டாப்பை போட்டு குடைஞ்சு பிரயோஜனம் இல்ல, பழையதுல ஃபைல் சிங்க் டிக் இருக்கா, இடம் நிரம்பிடுச்சா, சிங்க் அம்பு பக்கத்துல சிவப்பு ஆச்சரியக்குறி நிக்குதான்னு பாருங்க. அங்க இருந்துட்டு இங்க மட்டும் வரலைன்னா புதுசுல செட்டிங்ஸ் பாருங்க, டவுன்லோடு ஆஸ் நீடட்னு இருந்தா நீங்க டபுள் க்ளிக் பண்ணும்போதுதான் ஒவ்வொண்ணா இறங்கும், அது கோளாறே இல்ல. வெப்டாவ்காரங்களுக்கு இந்த வெப்சைட் சோதனை ஒத்துவராது, நேரா சர்வர்லதான் பாக்கணும்.

கேள்வி: ரெண்டு மெஷின்லயும் வருஷக்கணக்கா தனித்தனியா சேர்த்த லைப்ரரி. இப்ப ஒரே அக்கவுண்ட் போட்டா ஒண்ணை இன்னொண்ணு அழிச்சிடுமா?

அழிக்காது, ரெண்டும் சேந்துக்கும். ஆனா ஒரே பேப்பரை ரெண்டு இடத்துலயும் தனித்தனியா சேத்திருப்பீங்க இல்ல, அது ரெண்டா நிக்கும், ஏன்னா ஜோட்டெரோவுக்கு ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளுக்குள்ள தனி அடையாளம் உண்டு, தலைப்பு ஒண்ணா இருந்தாலும் அதுக்கு அது வேற இது வேற. முதல்ல ரெண்டு மெஷின்லயும் ஜோட்டெரோவை மூடிட்டு ஃபோல்டரை காப்பி எடுத்து ஓரமா வெச்சுடுங்க, அப்புறம் சிங்க், அப்புறம் டூப்ளிகேட் ஐட்டம்ஸ்ல போய் மெர்ஜ். ஒண்ணை டிலீட் பண்ணி தீத்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, வேர்ட் டாகுமெண்ட்ல அதை சைட் பண்ணியிருந்தா (ஜோட்டெரோ மூலமா மேற்கோளா காட்டியிருந்தா) தொடர்பு அறுந்துடும், மெர்ஜ் பண்ணா அறாது.

கேள்வி: சிங்க்கே வேணாம்னு எக்ஸ்போர்ட் பண்ணி பென் டிரைவ்ல கொண்டு போய் இம்போர்ட் பண்ணேன், தீசிஸ்ல ஏற்கனவே போட்ட சைட்டேஷன் எதையும் அப்டேட் பண்ண முடியல.

அதே அடையாள விவகாரம்தான். இம்போர்ட் பண்ணா எல்லாத்துக்கும் புது அடையாளம், டாகுமெண்ட்டோ பழையதைத்தான் தேடும். பென் டிரைவ்தான் வழின்னா ஜோட்டெரோவை மூடிட்டு டேட்டா ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணி அங்க வைங்க, அடையாளம் மாறாம வரும், ஆனா அங்க இருந்த லைப்ரரி மேலயே எழுதிடும், அதுல புதுசா ஏதும் சேத்திருக்கீங்களான்னு பாத்துட்டு செய்யுங்க.

கேள்வி: ஒரு மெஷின்ல ஹைலைட் பண்ணது ஜோட்டெரோல தெரியுது, அதே பிடிஎஃபை வேற ரீடர்ல திறந்தா காணோம்.

ஜோட்டெரோ 6 வந்த 2022ல இருந்து அதுக்குள்ளேயே ரீடர் இருக்கு, அதுல போடற ஹைலைட் பிடிஎஃபுக்குள்ள போகாது, டேட்டாபேஸ்லதான் இருக்கும். அதனாலதான் சட்டுன்னு சிங்க் ஆகுது, ஒவ்வொரு தடவையும் முழு பிடிஎஃபை ஏத்த வேண்டியதில்ல. வெளிய வேணும்னா எக்ஸ்போர்ட் பிடிஎஃப் குடுத்து எடுங்க, ஹைலைட்டோட ஒரு காப்பி வரும்.

கேள்வி: கைடு, நான், ஜூனியர் மூணு பேருக்கும் ஒரே லைப்ரரி. என் பாஸ்வேர்டையே குடுத்துடவா?

ஐயோ வேணாம். க்ரூப் ஆரம்பிங்க, அவங்கவங்க அக்கவுண்ட்ல சேரட்டும். க்ரூப்ல போடற ஃபைல் எல்லாம் அதை ஆரம்பிச்சவரோட இடத்துல இருந்துதான் கழியும், ஆக உங்கள்ல யாருக்கு இடம் அதிகமோ அவரே ஆரம்பிக்கட்டும்.

கேள்வி: சிங்க் பண்ணும்போது கான்ஃப்ளிக்ட்னு ரெண்டு பக்கமா ஒரு விண்டோ வருது, எதை எடுக்கறது?

ஒரே பதிவை ரெண்டு மெஷின்லயும் நடுவுல சிங்க் பண்ணாம மாத்தியிருக்கீங்க. வேற வேற ஃபீல்டுன்னா அதுவே சேத்துக்கும், ஒரே ஃபீல்டுன்னாதான் உங்களை கேக்கும். நோட்டுன்னா உஷார், ஒரு பக்கத்தை எடுத்தா இன்னொரு பக்கத்துல எழுதினது போச்சு, விண்டோவை கேன்சல் பண்ணிட்டு இந்த மெஷின்ல இருக்கற நோட்டை காப்பி பண்ணி வெளிய ஒட்டி வெச்சுட்டு திரும்ப சிங்க் போடுங்க.

கேள்வி: நான் மெண்டலே, ஃப்ரெண்ட் எண்ட்நோட், கைடு ஜேப்ரெஃப். எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க.

மூணும் ஜோட்டெரோ மாதிரி வேற புரோகிராம்கள்தான். மெண்டலேக்கு பழைய டெஸ்க்டாப் புரோகிராமை புதுசா டவுன்லோடு பண்றதை 2022 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க, இப்ப இருக்கற ரெஃபரன்ஸ் மேனேஜர் எல்லாத்தையும் அவங்க சர்வர்லதான் வெக்குது, இலவச இடம் 2 ஜிபி. கிளம்பணும்னா ஜோட்டெரோ இம்போர்ட்ல மெண்டலேன்னு தனியாவே இருக்கு, உங்க லாகின் குடுத்தா இழுத்துக்கும். எண்ட்நோட்ல டாட் இஎன்எல் ஃபைலும் அதே பேர்ல டேட்டா ஃபோல்டரும் சோடியா போகணும், ஒண்ணை மட்டும் எடுத்துட்டு போய் பிடிஎஃப் காணோம்னு நிக்கறவங்க ஏராளம், கம்ப்ரெஸ்டு லைப்ரரியா ஆக்கி எடுத்துட்டு போகலாம், டிராப்பாக்ஸ் விஷயத்துல ஜோட்டெரோவுக்கு சொன்னதே அதுக்கும். உங்க கைடுதான் கவலையில்லாத மனுஷன், ஜேப்ரெஃப் வெக்கறது டாட் பிப்னு வெறும் டெக்ஸ்ட் ஃபைல், கிட்ல (Git, ஃபைல்ல நடக்கற மாற்றத்தை எல்லாம் பதிவு பண்ற கருவி) போட்டா எந்த வரியை எப்ப மாத்தினோம்னு கூட தெரியும்.

கேள்வி: ஆபீஸ்ல ஒரு கலெக்‌ஷனை உள்ள இருந்த பேப்பரோட சேத்து அழிச்சு ட்ராஷையும் காலி பண்ணிட்டேன். சிங்க் இருக்கே, திரும்ப வராதா?

சிங்க் அழிச்சதையும் சேத்துத்தான் கொண்டு போகும், அது பேக்கப் இல்ல. ட்ராஷை காலி பண்ணாம இருந்தா அங்கேயே ரிஸ்டோர் பண்ணியிருக்கலாம், சாதாரணமா 30 நாள் வெச்சிருக்கும். இப்ப வீட்டு மெஷின்ல ஜோட்டெரோ இன்னும் திறக்கலையா? திறக்காதீங்க. வைஃபையை அணைங்க, அப்புறம் திறங்க, செட்டிங்ஸ்ல ஆட்டோ சிங்க் டிக்கை எடுங்க, கலெக்‌ஷன் இருக்கான்னு பாருங்க. இருந்தா மூடிட்டு ஃபோல்டரை காப்பி எடுத்து வெச்சுட்டு, நெட்டை போட்டு, சிங்க் பக்கம் ரீசெட்ல ரிப்ளேஸ் ஆன்லைன் லைப்ரரி குடுங்க, சர்வர்ல இருக்கறது மேல இந்த மெஷின்ல இருக்கறதை எழுதிடும். ஆபீஸ்ல இடைப்பட்ட நேரம் புதுசா சேத்தது இதுல போயிடும், அதை மட்டும் அங்க முதல்லயே எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்கங்க. வீட்டு மெஷின் ஏற்கனவே சிங்க் ஆயிடுச்சுன்னா ஃபோல்டர்ல டாட் பேக்னு முடியற காப்பி எந்த தேதியில இருக்குன்னு பாத்து சொல்லுங்க, அதுக்கப்புறம் யோசிப்போம்.

கேள்வி: ப்ளக்இன், சைட்டேஷன் ஸ்டைல் எல்லாம் கூடவே சிங்க் ஆகுமா?

ஆகாது. ஒவ்வொரு மெஷின்லயும் தனியா போட்டுக்கணும்.