பொறுமைக்கு ஒரு கெடு வையுங்கள்

கேள்வி: மண்டபம் அருகே ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளராக 4 ஆண்டு 4 மாதங்களாக வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு வந்த மேலாளர் அரை மணிக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் கணக்குக் கேட்கிறார். எழுதி முடித்த பதிவேட்டைத் திரும்ப எழுதச் சொல்கிறார். கழிப்பறைக்குப் போய் வரும் நேரத்தைக்கூடக் குறித்து வைக்கிறார். நண்டுச் சதை எடுக்கும் பெண்கள் முன்னால் ‘உனக்கு என்ன தெரியும்’ என்று கத்துகிறார். இரவு பத்து மணிக்கும் அழைக்கிறார். போன் ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது. அப்பா விசைப்படகுத் தொழிலாளி. மீன்பிடித் தடைக்காலத்தில் என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அம்மா ‘பல்லைக் கடித்துக்கொண்டு இரு’ என்கிறார். இருப்பதா, விலகுவதா?
– ஒரு வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது அடுப்பெரிப்பது எவ்வளவு கடினம் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும், அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், எதுவரை என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர், நாளடைவில் தன் திறமையையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். இப்போதைக்கு இருங்கள், ஆனால் ஒரு கெடு வைத்துக்கொண்டு, வெளியேறுவதற்கான ஆயத்தங்களைச் செய்தபடி இருங்கள்.

முதலில், அவர் கேட்பவற்றில் தொழிலுக்குத் தேவையானது எது, தேவையற்றது எது என்று பிரித்துப் பாருங்கள். ஏற்றுமதிச் சரக்கில் கிருமியோ தடை செய்யப்பட்ட மருந்தின் எச்சமோ இருப்பது தெரிந்தால் முழுச் சரக்கும் திரும்பி வரக்கூடும். உறைகிடங்கின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே வெப்பநிலைப் பதிவையும் எடைக் கணக்கையும் அவர் இருமுறை கேட்பதில் நியாயம் உண்டு. நீங்கள் கழிப்பறைக்குப் போய் வரும் நேரத்தைக் குறிப்பதில் எந்த நியாயமும் இல்லை; அது தரக்கட்டுப்பாடு ஆகாது, ஒரு மனுஷியைச் சிறுமைப்படுத்தும் செயல். இந்த இரண்டையும் கலந்து பார்க்கும்வரை அவருடைய ஒவ்வொரு கேள்வியும் உங்கள் திறமைமீது சொல்லப்பட்ட குற்றமாகவே தோன்றும்.

நியாயமானதை அவர் கேட்குமுன் நீங்களே கொடுத்துவிடுங்கள். காலையில் சரக்கு இறங்கியதும், பகலில், பிற்பகலில், வேலை முடியும்போது என நான்கு வேளைகளில் எடை, வெப்பநிலை, ஐஸ் இருப்பு ஆகியவற்றை ஒரே மாதிரியான படிவத்தில் அனுப்புங்கள். இடையில் கேட்டால், ‘அடுத்த விவரம் இரண்டு மணிக்கு அனுப்புகிறேன் சார்’ என்று மட்டும் பதில் சொல்லுங்கள். தகவல் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் கேட்பவர் சில வாரங்களில் ஓரளவு தணிவார். அதிகாரத்தைக் காட்டவே கேட்பவர் தணிய மாட்டார். உங்கள் மேலாளர் எந்த வகை என்பது அதிலேயே தெரிந்துவிடும். கெடுவை நீட்டுவதா குறைப்பதா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம்.

பதிவேட்டைத் திரும்ப எழுதச் சொல்வதற்கு மட்டும் இணங்காதீர்கள். பிழை இருந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியுடன் கையொப்பமிடுவதே முறை. பழைய பக்கத்தை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதிய பதிவேடு தணிக்கையில் சிக்கினால், அதில் இருக்கும் கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிறர் முன்னிலையில் கத்துவதைச் சும்மா விடாதீர்கள். அந்தப் பெண்கள் கையுறை போடுவதும் ஐஸ் சேர்ப்பதும் உங்கள் சொல்லைக் கேட்டுத்தான். அவர்கள் முன்னால் உங்கள் மதிப்பு போனால் சரக்கின் தரமும் சேர்ந்தே போகும். கத்தும் நேரத்தில் எதிர்த்துப் பேச வேண்டாம். மறுநாள் தனியே, ‘சார், என் வேலையில் தவறு இருந்தால் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், உடனே திருத்துகிறேன், எல்லார் முன்னாலும் சொன்னால் நான் சொல்வதை அவர்கள் கேட்கமாட்டார்கள்’ என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, அதையே சுருக்கமாகச் செய்தியாகவும் அனுப்பிவையுங்கள். இரவு அழைப்புகளுக்கும் ஒரு வரம்பு சொல்லுங்கள்: உறைகிடங்கு பழுது போன்ற அவசரம் என்றால் எடுப்பேன், மற்றவை காலையில் என்று. நடந்தவற்றைத் தேதி, நேரம், உடனிருந்தவர் பெயருடன் உங்கள் சொந்த நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும். பேச்சோ செய்கையோ பாலியல் சீண்டலாக மாறினால் பொறுமைக்கே இடமில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் அங்கே புகார் கொடுக்க வேண்டும்.

கெடுவுக்கு வருகிறேன். தொடர்ந்து 5 ஆண்டு பணி முடித்தால், நீங்களாக விலகினாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வகுத்துக் கணக்கிடுவார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5 ஆண்டுக்கு 37,500 ரூபாய் வரும். உங்களுக்கு இன்னும் 8 மாதங்கள்தான் இருக்கின்றன. அதற்குள் சம்பளச் சீட்டுகளையும் பயிற்சிச் சான்றிதழ்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணில் உங்கள் பெயரும் ஆதாரும் சரியாக இணைந்துள்ளனவா என்று பாருங்கள். ஏற்றுமதிப் பதிவேடுகளை நான்கு ஆண்டுகள் கையாண்ட அனுபவத்துக்குத் தூத்துக்குடி நிறுவனங்களிலும் மதிப்பு உண்டு. ஜூன் நடுவில் படகுகள் மீண்டும் கடலுக்குப் போனதும் வேலை கூடும். அதற்கு முன்பே விண்ணப்பித்து வையுங்கள். இன்னோர் இடத்தில் வேலை உறுதியாகும்வரை விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் உங்கள் உடம்பு தாங்கும் என்றால்தான். படபடப்பு தொடர்ந்தால் அரசு மருத்துவமனையில் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மனம்விட்டுப் பேச 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை இரவு பகலாக இலவசமாகவும் தமிழிலும் கிடைக்கிறது. உறக்கம் கெட்டு, வேலைக்குக் கிளம்பும்போதே அழுகை வரும் நிலை வந்தால் 37,500 ரூபாய்க்காக எட்டு மாதம் காத்திருக்காதீர்கள். அம்மாவிடம் அந்தப் படபடப்பைப் பற்றி இதுவரை சொல்லவில்லை என்றால், இன்றே சொல்லுங்கள்.