முன்பக்கம் ஒரு பக்கமாகத் தாழ்ந்த டாடா ஜெனான்

நண்பரே, உங்கள் டாடா ஜெனான் பிக்கப் வண்டி முன்னால் இடப்பக்கம் மட்டும் 2 செ.மீ. தாழ்ந்திருக்கிறது, வீட்டிலேயே டார்ஷன் பாரை (முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பியை) முறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதலில் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை (அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகளால் ஆன ஸ்பிரிங்கை) பாருங்கள். அங்கே ஒரு பட்டை உடைந்திருந்தாலும் முன்பக்கம் சாய்ந்துதான் காட்டும்.

அது சரியாக இருந்தால், சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சமமாக்கி, வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியைத் தூக்கி, சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரம் தொங்கும்போதுதான் டார்ஷன் பாரை முறுக்கும் போல்ட்டைத் திருப்ப வேண்டும். பாரம் இருக்கும்போது திருப்பினால் மரை போய்விடும். பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, இரண்டு சுற்று மட்டும் திருப்புங்கள். அப்புறம் இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். நின்ற இடத்திலேயே அளந்தால் தப்பாகக் காட்டும்.

அதிகம் உயர்த்தாதீர்கள், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. முடித்ததும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது) கட்டாயம்.