நியூட்டன் வளையங்கள்: நடுப்புள்ளி வெளிச்சமாக இருந்தால் சோதனை கெட்டுவிட்டதா?

கேள்வி: வேலூரில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். நியூட்டன் வளையங்கள் சோதனையில் தட்டையான கண்ணாடித் தட்டின் மேல் குவிலென்சை வைத்து, சோடியம் ஒளியில் தெரியும் வளையங்களை நுண்ணோக்கியால் அளந்து, லென்சின் வளைவு ஆரத்தைக் கணக்கிடுகிறோம். வளையங்களின் நடுப்புள்ளி கறுப்பாகத் தெரிய வேண்டும் என்கிறார்கள். எனக்கு வெளிச்சமாகவே தெரிகிறது. லென்சைத் தட்டோடு அழுத்தும் திருகை இறுக்கியும் பயனில்லை. 10ஆவது கருவளையத்தின் விட்டம் 4.73 மி.மீ., 20ஆவது வளையத்தின் விட்டம் 6.78 மி.மீ. லென்சின் வளைவு ஆரம் 100 செ.மீ.; எனக்கோ 18 செ.மீ. வருகிறது. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. என்ன செய்வது?

பதில்: திருகை உடனே தளர்த்திவிடுங்கள். இறுக்க இறுக்கக் கண்ணாடி நசுங்கி உள்வளையங்கள் உருக்குலையும். நடுப்புள்ளியின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் எடுத்த அளவுகள் அருமையானவை. தவறு கணக்கில் இருக்கிறது.

6.78இலிருந்து 4.73ஐக் கழித்து, மீதி 2.05ஐ வர்க்கப்படுத்தியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால்தான் 18 செ.மீ. வரும். விட்டங்களைத் தனித்தனியே வர்க்கப்படுத்திய பிறகே கழிக்க வேண்டும்: 45.97 − 22.37 = 23.60. இதை 4ஆலும், வளைய எண்களின் வித்தியாசமான 10ஆலும், சோடியம் ஒளியின் அலைநீளமான 0.0005893 மி.மீ.ஆலும் வகுத்துப் பாருங்கள். 1,001 மி.மீ. வருகிறது. மாணவர் ஒருவர் எடுத்த அளவு இவ்வளவு துல்லியமாக இருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி நடுப்புள்ளி. லென்சின் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், கீழே உள்ள தட்டின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்துதான் வளையங்களை உண்டாக்குகின்றன. காற்றிலிருந்து கண்ணாடியில் மோதித் திரும்பும் அலை அரை அலைநீளம் பின்தங்கிவிடும். ஆகவே இரண்டு கண்ணாடிகளும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலைகள் ஒன்றையொன்று அழிக்க, அங்கே கறுப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் யங் இதை அழகாக உறுதிப்படுத்தினார்: இருவேறு வகைக் கண்ணாடிகளுக்கு நடுவே, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) கொண்ட சசாஃப்ராஸ் என்ற மரத்தின் எண்ணெயை விட்டார், நடுப்புள்ளி வெண்மையானது.

உங்கள் மேசையில் எண்ணெய்க்கு வேலையில்லை, தூசி போதும். கால் அலைநீளம், அதாவது 0.00015 மி.மீ. இடைவெளி விழுந்தாலே கறுப்பு வெளிச்சமாகிவிடும். தலைமுடியின் தடிமனில் அது ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. வேலூர் வெயிலுக்கு ஜன்னலைத் திறந்துவைத்து மின்விசிறியும் ஓடும் ஆய்வகத்தில் அவ்வளவு தூசி படியாமல் இருந்தால்தான் வியப்பு. லென்சையும் தட்டையும் லென்ஸ் துடைக்கும் தாளில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். சட்டைத் துணியால் தேய்க்கவே கூடாது, கீறல் விழும்.

துடைத்தும் கறுப்பு வரவில்லையா? அப்படியே அளவெடுக்கலாம். இடைவெளி எல்லா வளையங்களின் விட்ட வர்க்கத்திலும் ஒரே அளவு குறைப்பதால், கழிக்கும்போது அது நீங்கிவிடுகிறது. ஒரே வளையத்தை நம்பினால்தான் ஆபத்து: உங்கள் 10ஆவது வளையத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 95 செ.மீ.தான் கிடைக்கும். தேர்வாளர் கேட்டால் இந்த விளக்கத்தையே தயங்காமல் சொல்லுங்கள்.

நுண்ணோக்கியை இடப்பக்க 20ஆவது வளையத்திலிருந்து வலப்பக்கம் நோக்கி ஒரே திசையில் நகர்த்துங்கள். நடுவில் திரும்பினால் நுண்ணோக்கியை நகர்த்தும் திருகின் தளர்வு அளவைக் கெடுக்கும்.

விடையில் இன்னும் ஐயம் இருந்தால், அறையை இருட்டாக்கி, ஒரு ஜன்னலை மட்டும் திறந்து, வெயில் படும் பாலமதி மலையின் பிம்பத்தை அந்த லென்சால் வெள்ளைத் தாளில் வீழ்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையான உங்கள் லென்சுக்குக் குவியத் தொலைவு, அதாவது தூரத்துப் பொருளின் பிம்பம் விழும் தொலைவு, வளைவு ஆரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே லென்சிலிருந்து 2 மீட்டர் அளவில் மலை தலைகீழாக, மங்கலாகத் தெரியும். ஆரம் 18 செ.மீ.ஆக இருந்தால் 36 செ.மீ.யிலேயே விழுந்திருக்கும்.