ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிட்டுப் போறது?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளாகவே இந்த முறை பொறுக்கி எடுத்தேன். எல்லாம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக் கடிதங்கள். நானும் இங்கேயே பிள்ளை வளர்த்தவள்தான், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டேன்.

அக்கா, எனக்கு ஆறு வயதில் ஒன்று, பத்து வயதில் ஒன்று. வீட்டுக்காரருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்றைக்கும் பிள்ளைகள் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள். வெளியே கிளம்பலாம் என்றால் மதுரைக்குப் போய் மாலில் சுற்றணும் என்று ஒரே அடம். நம்ம ஊரில் பிள்ளைகளுக்கு என்னதான் இருக்கிறது?
– வாசகி, ராமநாதபுரம்

மதுரைக்குப் போய்வர பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும், மீதிப் பாதி எஸ்கலேட்டரில் ஏறி இறங்குவதில் போகும். உன் வீட்டிலிருந்து அரை மணி முக்கால் மணி தூரத்தில் இரண்டு கடல் இருக்கிறது தங்கச்சி. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நம்ம பக்கத்தில் ஒன்றைப் பெண் கடல் என்றும் இன்னொன்றை ஆண் கடல் என்றும் சொல்வது உனக்கும் தெரிந்திருக்கும். வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும், தென்கடல் எப்போதும் ஏதாவது முறுக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அது வருஷம் முழுக்க அப்படியே இருப்பதில்லை. வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்று பிடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது வடகரையில் பிள்ளைகளை இறக்கலாம். ஐப்பசிக்கு மேல் வாடை அடிக்க ஆரம்பித்தால் கதை மாறிவிடும், வடகடல் கலங்கித் தென்கடல் அடங்கும். ஆக எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு பண்ணு, அதையும் அந்தப் பத்து வயதுப் பிள்ளையிடமே விட்டுவிடு. சனிக்கிழமை சாயங்காலம் மாடியில் ஏறி துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். என் பையனுக்கு அந்த வேலையைக் கொடுத்த பிறகு வெள்ளிக்கிழமையே மாடிக்கு ஓட ஆரம்பித்துவிட்டான்.

வடகரை என்றால் அரியமான் நல்ல இடம். சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது, ஆழமும் சட்டென்று இறங்காது. தண்ணீரில் சொறி, அதாவது ஜெல்லி மீன், மிதக்கிற நாளில் மட்டும் இறக்காதே. சொறி பட்ட பிள்ளை அப்புறம் ஆறு மாதத்துக்குக் கடல் பக்கமே வராது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு ஞாயிறு காரை எடுக்காமல் ராமேஸ்வரம் ரயிலில் ஏறுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர்தான், மாலில் எத்தனை மாடி ஏறினாலும் அது கிடைக்காது. இதற்கு முன்னால் ரயில் போனது 1914-இல் திறந்த பழைய பாலத்தில். பழையதில் நடுப் பகுதி இரண்டாகப் பிரிந்து, கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி மேலே எழும்பியது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்படும், கப்பல் கீழே போகும். இரண்டையும் வரையச் சொல்லி ஒரு நோட்டு கொடு. திரும்பி வந்ததும் நூல், தீப்பெட்டி, அட்டை எல்லாம் கேட்பார்கள், வாங்கி வைத்துக்கொள்.

ஒரே நாளில் ஒரு இடம் போதும். கோயில், பீச், பாலம், மியூசியம் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றில் முடித்துவிடணும் என்று நாம் பறக்கிறோமே, பிள்ளைகளுக்கு அலுப்பு அதில்தான் வருகிறது.

அக்கா, நாங்கள் மண்டபத்தில் மீன்பிடிக் குடும்பம். எல்லாரும் கடலைப் பார், போட்டில் போ என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் கடலிலேயே கிடக்கிறார்கள். அவர்களுக்கு வேறு என்ன காட்டலாம்?
– வாசகர், மண்டபம்

சரியான கேள்வி தம்பி. ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் டூரிஸ்ட்டுக்குத்தான் எழுதுகிறோம், என்னையும் சேர்த்துத்தான்.

உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் இருக்கிற இராமலிங்க விலாசத்தைக் காட்டுங்கள். அரை மணியில் பார்த்துவிடலாம் என்று போவீர்கள், இரண்டு மணி நேரம் ஆகும். சுவர் முழுக்க 18-ஆம் நூற்றாண்டு ஓவியம். சேதுபதி போருக்குப் போகிறார், வெள்ளைக்காரர்களைச் சந்திக்கிறார், ராஜராஜேஸ்வரி அம்மன் கையால் செங்கோல் வாங்குகிறார், இன்னொரு பக்கம் ராமாயணக் கதை ஓடுகிறது. சும்மா "பார், பார்" என்று இழுத்துக்கொண்டு போனால் பிள்ளைகள் கொட்டாவி விடும். எண்ணச் சொல்லுங்கள். இந்தச் சுவரில் யானை எத்தனை? தொப்பி போட்டவர் எத்தனை பேர்? எண்ணுகிற பிள்ளை தானாகவே பக்கத்தில் போய்ப் பார்க்கும். சுவரைத் தொடக் கூடாது என்று மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கிளம்பும் முன் விடுமுறை நாள் எது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்து கண்மாய்ப் பறவைகள். கடல் பறவையைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்குக் கருவேல மரத்தில் கூடு கட்டிக் குஞ்சுக்கு ஊட்டுகிற மஞ்சள் மூக்கு நாரை புதுசாகத்தான் இருக்கும். ராமநாதபுரம் ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. பரமக்குடி, நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல். முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும். நான்குமே சரணாலயங்கள், நான்குமே இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. மழை பெய்து கண்மாய் பெருகியிருக்கணும், அதுதான் கணக்கு. கார்த்திகையிலிருந்து மாசி வரை போகலாம். நான் ஒரு தடவை ஆவணியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பைனாகுலர் எல்லாம் மாட்டிக்கொண்டு போனேன். வெடித்த கண்மாய்த் தரையில் நான்கு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "அம்மா, இதுதான் நாரையா?" என்று என் மகள் கேட்டதை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூன்றாவது, வாராவாரம் போய்வருகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள். ஐந்திலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம், சிலம்பம் மாதிரிக் கலைகளை லீவு நாளில் சொல்லிக்கொடுக்கிற இடம். தனியார் வகுப்பில் கேட்கிற மாதிரிப் பணம் கேட்க மாட்டார்கள். அப்புறம் ஆடி, ஆவணியில் உறவுக்காரர் ஊரில் முளைக்கொட்டுத் திருவிழா நடந்தால் தவறவிடாதீர்கள். முளைப்பாரிக்கு வீட்டில் பயறு போட்டு வளர்ப்பதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் கும்மியை மட்டும் வீடியோ எடுத்து என்ன பண்ணப் போகிறீர்கள்?

அக்கா, என் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறார். பெண் பிள்ளைகள் வாப்பாவோடு எங்கேயாவது போகணும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கொடைக்கானலா, ஊட்டியா என்று குழப்பம்.
– வாசகி, கீழக்கரை

இரண்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒரு தடவை போய்வாருங்கள். ஆனால் நான்கு வெள்ளி, நான்கு ஞாயிறு இருக்கிறதே. அவர் சின்ன வயதில் எங்கே குளித்தார், எந்தத் தெருவில் விளையாடினார், எந்தக் கடையில் மிட்டாய் வாங்கினார் என்று ஒரு நாள் முழுக்க அவரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழக்கரைத் தெருக்களில் நடக்கட்டும். உங்கள் ஊர்ப் பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல் தூண்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் டியூஷனுக்கு ஓடுகிறார்கள். சீதக்காதி வள்ளல் யார் என்று வாப்பா சொல்லட்டும், தெரியாவிட்டால் அன்றைக்கு அவரும் கற்றுக்கொள்ளட்டும்.

இன்னொரு நாள் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து தொதல் கிண்டுங்கள். தேங்காய்ப்பால் வற்றி, கை வலித்து, ஆளுக்கு ஆள் கரண்டி மாற்றுகிற வரைக்கும் பிள்ளைகளும் நிற்கட்டும். அடுப்புப் பக்கம் மட்டும் பெரியவர் ஒருவர் இருக்கணும். லீவு முடிந்து அவர் விமானம் ஏறும்போது பெட்டியில் அந்தத் தொதலில் ஒரு துண்டு போகும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் என் மகள் பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்கி வந்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் தப்பு என்கிறார். அப்படியா?
– வாசகர், உச்சிப்புளி

அவர் சொல்வது சரி. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்து வரக் கூடாது. சில வகைச் சங்குகளும் அப்படித்தான். மகளைத் திட்டாதீர்கள், அடுத்த தடவை மணலிலேயே அவற்றை அடுக்கிக் கோலம் போடச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டு வாருங்கள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. மே மாதம் சென்னையிலிருந்து பேரன் பேத்திகள் நான்கு பேர் வருகிறார்கள். தனுஷ்கோடி கூட்டிப் போகச் சொல்லி இப்போதே போனில் நச்சரிப்பு. வெயிலில் எப்படிச் சமாளிப்பது? வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், பரமக்குடி

ஐயா, முதல் நாள் ராத்திரியே ராமேஸ்வரத்தில் தங்கிவிட்டு விடியற்காலையில் தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடணும். நான் ஒரு சித்திரை மாத மதியத்தில் போய், சின்னவன் செருப்பை மணலில் தொலைத்து, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே சர்ச் இடிபாட்டைச் சுற்றிப் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டேன்.

விடிகாலையில் போனால் அதிர்ஷ்டம் இருந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். சித்திரை தொடங்கியதும், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனால் கரையில் நின்று இழுக்கிற வலை உண்டு. கேட்டுக்கொண்டு பேரப் பிள்ளைகளும் கயிற்றில் கை போடலாம், யாரும் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. வலை கரைக்கு வந்ததும் உள்ளே என்ன துள்ளுகிறது என்று பார்க்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே இத்தனை தூரம் போகலாம். குளிக்க மட்டும் இறக்காதீர்கள், முனையில் நீரோட்டம் மோசம்.

1964 டிசம்பர் புயல் கதையை அங்கேயே வைத்துச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், ஆனாலும் உங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசியது காதில் விழுந்திருக்குமே. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச் எல்லாம் இருந்த ஊர் ஒரே ராத்திரியில் போனதை யூடியூபில் கேட்பதும், தாத்தா அந்த மணலில் நின்று சொல்லிக் கேட்பதும் ஒன்றா?

திரும்பும் வழியில் வெயில் ஏறிவிட்டால் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்துக்குள் போய்விடலாம். உள்ளே போட்டோ எடுக்க விட மாட்டார்கள், பிள்ளைகள் கண்ணால் பார்க்க அது நல்லதுதான். ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டையும் காட்டுங்கள். சின்ன வயதில் பேப்பர் போட்டவர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்தத் தெருவில் நின்று சொன்னால் நம்புவார்கள்.

மற்ற நாட்களுக்கு உங்கள் கையில் பனை இருக்கிறது ஐயா. மே மாதம் நுங்குக் காலம். நுங்கு தின்றுவிட்டு, நுங்கு எடுத்த அந்தக் காய்க் கூந்தல் இரண்டையும் ஒரு குச்சியில் கோத்து, கவைக் கம்பு வைத்துத் தள்ளுகிற நுங்கு வண்டி செய்யத் தெரியும்தானே? மறந்திருந்தால் கை ஞாபகம் வைத்திருக்கும். ஓலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் முடையத் தெரிந்த ஆச்சி யாராவது உங்கள் தெருவிலேயே இருப்பார், ஒரு சாயங்காலம் பிள்ளைகளை அவர் திண்ணையில் உட்கார வையுங்கள். சும்மா வேண்டாம், கைக்கூலி கொடுங்கள்.

மூன்று வயதுக் குழந்தையைக் காரங்காட்டுக்குக் கூட்டிப் போகலாமா அக்கா? படகு என்றாலே அழுவான்.
– வாசகி, தொண்டி

போகலாம். அலையாத்திக் காட்டுக்கு நடுவில் தண்ணீர் ஆடாமல் கிடக்கும், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற படகு, லைப் ஜாக்கெட் கொடுப்பார்கள். குழந்தை அளவுக்கு இருக்கிறதா என்று ஏறுமுன் பார்த்துக்கொள், பெரிய அளவு மாட்டினால் அதற்கே அழுவான். முதல் தடவை படகில் ஏற்றவே வேண்டாம். கரையில் நின்று நண்டு வளைக்குள் ஓடுவதைப் பார்க்கட்டும், அங்கே பெண்கள் சமைத்துத் தருகிற மீன் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடு. சனி, ஞாயிறில் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்துவிடு.