தும்பிக்கை ‘லை’ எங்கே போயிற்று?

கேள்வி: பழைய புத்தகங்களில் ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துகள் யானைத் தும்பிக்கை போன்ற வளைவுடன் காணப்படுகின்றனவே, அவை ஏன் மறைந்தன?

பதில்: ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கிய காலத்தில், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், ணா, றா, னா ஆகிய மூன்றும் தனித்தனி அச்சுருக்களாக வார்க்கப்பட்டு, அச்சுக்கோப்பவரின் பெட்டியில் தனி அறைகளை அடைத்துக்கொண்டிருந்தன. இச்சுமையைக் குறைக்கும் வடிவங்களைப் பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் கையாண்டார். தமிழக அரசோ 1978இல்தான் 13 எழுத்துகளுக்கு (இந்த ஏழும், ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய ஆறும்) அவற்றை ஏற்று ஆணையிட்டது. கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறியில் (யூனிகோடு) இரு வடிவங்களுக்கும் குறியீடு ஒன்றே என்பதால், பழைய வடிவம் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தாலே தும்பிக்கை திரும்பிவிடும். அழைப்பிதழின் தலைப்புக்கு அது அழகுதான். பத்தி முழுவதும் இட்டால் இளைய வாசகர்கள் திணறுவார்கள் (என் பேரனிடம் சோதித்துவிட்டேன்).